அந்த 'ம்'

தம்பிக்கு,

உன் இடது கை விரல்கள் லேசாக அசைந்ததாக டாக்டர் சொன்னார். அவசரப்படாதே.

"பேண்ட்ல என் டிரம்ஸ் இடம் அப்படியே இருக்கா?" என்று உன் மனைவியிடம் கேட்டாயாம். புதுப் பாடகரும் விலகிவிட்டார். "தாளத்தை ஏழு ஏழா எண்ணிக்கிட்டே பாட நான் என்ன கணக்கு வாத்தியாரா?" என்றார். கிடார்காரர் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய்விட்டார். ஆரம்பித்தவர்களில் மிச்சம் கீபோர்டில் நானும் பேஸ் கிடார் வாசிப்பவரும்தான்; மற்ற எல்லோரும் புதியவர்கள்.

நேற்று நம் நீளப் பாட்டை ஒத்திகை பார்த்தோம். தாளம் மாறும் இடத்தில் நீ தொண்டைக்குள் 'ம்' என்பாயே, அதைக் கேட்டுத்தானே எல்லோரும் நுழைவோம். ரெக்கார்டிலும் அது பதிந்திருக்கிறது. டிரம்ஸுக்கு வந்திருக்கும் பெண் அதையும் சேர்த்தே பழகியிருக்கிறாள். உன்னைப் போலவே 'ம்' என்றாள். மற்றவர்கள் நுழைந்துவிட்டார்கள். என் கை கட்டைமேல் இறங்கவில்லை.

"அது பாட்டுல இல்லையாக்கா?"

"அது என் தம்பி. விட்டுரும்மா."

'ம்' இல்லாமல் மறுபடி வாசித்தோம். அந்த இடத்தில் யாருமே நுழையவில்லை. அவள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். பேஸ் வாசிப்பவர் என்னையே பார்த்தார்.

"சரி, அந்த 'ம்'மைப் போட்டுக்கோம்மா" என்று சொன்னது நான்தான். கோபத்தை என்மேல் மட்டும் வை.

உன் அக்கா