சுவீடன் தாளில் ‘கிஃப்ட்’

3 மார்ச் 1992, செவ்வாய்

இன்று வசந்திக்கு மொழிபெயர்க்க வழக்கறிஞரிடம் போனேன். அவள் கணவனை சுவீடனிலிருந்து இங்கே லண்டனுக்கு அழைக்க, அவன் அங்கே அரசு அலுவலகத்தில் தன் விவரம் பதிந்த தாள்தான் கல்யாணத்துக்கு ஒரே சான்று. அதில் ‘கிஃப்ட்’ என்று எழுதி, கீழே வசந்தியின் பெயர் இருந்தது.

“பரிசா?” என்று வழக்கறிஞர் தாளை ஒதுக்கினார்.

ஜெர்மனில் இதே சொல் நஞ்சு, சுவீடிஷில் மணமானவர், எல்லாவற்றுக்கும் வேர் ‘கொடு’ என்பதுதான் என்று அகராதியைத் திறந்து காட்டினேன்.

“நாங்களும் பொம்பிளை குடுக்கிறது எண்டுதானே சொல்லுறம், அண்ணை?” என்றாள் வசந்தி. அதையும் மொழிபெயர்த்தேன். வழக்கறிஞர் சிரித்துவிட்டுத் தாளைக் கோப்பில் முதலாவதாக வைத்தார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் நிச்சயம் ஏற்பார்கள்.

வெளியே வசந்தி ஒரு சட்டைக் கடை முன் நின்றாள்.

“அவரைப் பாத்து ஆறு வருசமாச்சு, அண்ணை. அவரின்ர அளவு தெரியேல்லை.”

“பெரிசா எடு, தங்கச்சி. இஞ்ச வந்தா உடம்பு வைச்சிடுவார்.”