பதினேழாம் நம்பர் இடமும் இரண்டு மடக்கு நாற்காலிகளும்

அன்பு மகளுக்கு, உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் கை கால் சரியாக இருக்கிறது, எனக்கு வாயும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக இருக்கிறது. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை, அதனால் நம்பித்தான் ஆக வேண்டும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, விடும்மா, பழைய கதை" என்று வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானாகவே விடுதலை கொடுத்தவள், எழுத்துப் பிழை இருக்கும், விஷயத்தில் பிழை இருக்காது, உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் அப்பாவுக்கு முழங்கால் வலி போய்விட்டது, இப்போது முதுகுக்கு வந்திருக்கிறது, ஊர் சுற்றிப் பார்க்கிற வலி. உன் அண்ணன் உடம்பைக் குறைக்கிறேன் என்று காலையில் ஓடுகிறான், ஓடிவிட்டு வந்து நான்கு முட்டை தின்கிறான். மருமகள் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் அதே போன் வேலைதான் பார்க்கிறாள், அந்தப் போன் வேலையால் நமக்கு எவ்வளவு பெரிய காரியம் நடந்தது என்று பின்னால் சொல்கிறேன். பேத்தி பட்டாணிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, உன்னைப் பற்றிக் கேட்டால் "அத்தை போனுக்குள்ள இருக்கா" என்கிறாள். மூன்று வருஷம் வராமல் இருந்தால் குழந்தை வேறு என்ன சொல்லும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்பம் முதல் தடவையாகக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறது. எங்கே தெரியுமா, உன் பெரிய அத்தை வருஷா வருஷம் போய்விட்டு வந்து ஆல்பத்தைத் திறந்து நம் தலையில் கொட்டுவாளே, அதே தீம் பார்க் ரிசார்ட்டில்தான். பகலில் பார்க்குக்குள் போய் ராட்டினத்தில் சுற்றலாம், பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரையில் நம் கூடாரத்துக்கு வந்துவிடலாம், மூன்று நாள். அந்த ஏரிக்கரையில் நாற்பது இடம் பிரித்து நம்பர் போட்டிருக்கிறார்கள், அதில் பதினேழாம் நம்பர்தான் ராஜா மாதிரி. பெரிய மரம், மர நிழல், முன்னால் ஏரி, நிமிர்ந்தால் ராட்சத ராட்டினம், கையை நீட்டினால் தண்ணீர்க் குழாய். இத்தனை வருஷமும் உன் அத்தை அந்த இடத்தை விட்டதில்லை, தன் அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி "என் பதினேழு, என் பதினேழு" என்பாள். இந்த வருஷம் அது நம் பதினேழு.

எப்படி என்று கேள். அந்த இடத்தைப் பிடிக்கிற வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். போன வருஷம் நம் வீட்டில் உட்கார்ந்து என் டீயைக் குடித்துக்கொண்டே, "வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் புக்கிங் திறப்பாங்க, காலையில எட்டு மணிக்கு, எட்டு அடிக்கும்போது நம்பரைச் சுத்தி முடிச்சிருக்கணும், உனக்கெல்லாம் எங்க இது புரியப்போகுது" என்றாள். எனக்குப் புரிந்தது. அந்தத் தேதியைத் தையல் மிஷின் பலகையில் சாக்கட்டியால் எழுதினேன், அழியும்போதெல்லாம் திரும்ப எழுதினேன். அன்றைக்கு மருமகள் வேலைக்குப் போகும் முன்னால் சமையலறை ஸ்டூலில் போனோடு உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு போன் எடுக்கிற விரல் அது, எட்டு அடித்து முடிப்பதற்குள் லைன் கிடைத்துவிட்டது. "பதினேழு இருக்கா சார்?" என்று தேன் மாதிரி கேட்டாள். இருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், மாமியாரும் மருமகளும் என்னென்ன காரணத்துக்காகவெல்லாம் ஒன்றாகிறார்கள் பார்.

அன்று பத்து மணிக்கே, நான் தார்ப்பாய்க் கடையில் தைத்துக்கொண்டிருக்கும்போது, உன் அத்தை எனக்குப் போன் செய்தாள். குரல் கம்மிக் கிடந்தது. "எவளோ ஒரு பாவி என் இடத்தை எடுத்துட்டாடி, பன்னிரண்டு நிமிஷம் லைன் கிடைக்கல, அதுக்குள்ள போச்சு, கழிப்பறைக்குப் பின்னாடி முப்பத்தொண்ணு தந்திருக்காங்க" என்று மூக்கை உறிஞ்சினாள். நான் எப்பேர்ப்பட்ட நடிகை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "ஐயோ அக்கா, யாராயிருக்கும், அவ நல்லா இருப்பாளா?" என்றேன். "இருக்கவே மாட்டா" என்றாள். "இருக்கட்டும்க்கா, விடுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு லாரித் தார்ப்பாயை ஒரே மூச்சில் தைத்து முடித்தேன், முதலாளி வந்து "இன்னைக்கு என்னம்மா மிஷின் பறக்குது?" என்று கேட்டார்.

இவ்வளவும் எதற்கு என்று நீ முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள், ஆனால் கேள். உனக்குப் பதினோரு வயது. அத்தை எல்லாப் பிள்ளைகளையும் காரில் அந்தப் பார்க்குக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். நீ மூன்று நாள் முன்பே பையை அடுக்கிவிட்டாய், இரண்டு முறை பிரித்து மறுபடி அடுக்கினாய். கார் வந்து நின்றது. நீ ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாய், அப்போது அத்தை, "இவ வாந்தி எடுப்பா, சீட்டெல்லாம் நாறும், அதோட நாற்காலி வைக்கணும், இடமில்லம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று உன்னை இறக்கிவிட்டாள். அதற்கு முன் அந்தக் காரில் வாந்தி எடுத்தது அவள் பெற்ற சீமந்த புத்திரன், பழி உன் தலையில். உன் இடத்தில் இரண்டு பச்சை மடக்கு நாற்காலிகள் ஏறி உட்கார்ந்தன. வெறும் நாற்காலி! மனுஷி இல்லை, நாய்க்குட்டிகூட இல்லை. கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நீ பையை மாட்டிக்கொண்டே நின்றாய், அப்புறம் உள்ளே வந்து ஷூவைக் கழற்றி நேராக வைத்துவிட்டு, "எனக்கு ராட்டினமே பிடிக்காதும்மா" என்றாய். அழுதிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் பதினான்கு வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு இருக்கிறேன். அடுத்த வருஷம் என்றாளே, அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

உன் அப்பாவிடம் புக்கிங் விஷயத்தை மறுநாள்தான் சொன்னேன். மனிதர் தோசைக்கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அவ என் அக்காடி" என்றார். "அவ உங்க அக்கா, இவ என் பொண்ணு" என்றேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அன்றைக்கு அந்த நாற்காலிகளைத் தூக்கிக் காருக்குள் வைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தது அவர்தான். அக்கா சொன்னாள், தம்பி செய்தார், அவ்வளவுதான், ஆனால் அதைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. இரண்டு நாள் வீட்டில் இரும்பு மாதிரி நடமாடினார். மூன்றாம் நாள் வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு கட்டு இரும்புப் பைப்போடு வந்து, "கூடாரத்துக்குச் சட்டம் நான் செய்யறேன், ஆறு பேருக்கு அளவெடு" என்றார். ஆறு பேர் என்று நான் சொல்லவில்லை, அவராகவே சொன்னார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். மேலே போர்த்துவதற்கு எங்கள் கடையில் மிச்சம் கிடந்த ஆரஞ்சு தார்ப்பாயை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன், ஏரியின் அந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் கண்ணைக் குத்தும், எனக்கு அதுதான் வேண்டும். உன் அப்பா வெளியே மழை என்று கூடத்திலேயே சட்டத்தை நிறுத்தினார். முப்பத்திரண்டு வருஷமாக இரும்புக் கேட்டும் ஜன்னல் கிராதியும் செய்கிற கை, ஒரு மூட்டைப் பார்த்தால் பற்ற வைக்காமல் இருக்க அதற்குத் தெரியாது. நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் எட்டு மூலையையும் பற்ற வைத்து, தேய்த்து, பெயின்ட்டும் அடித்துவிட்டார். ஒரு கையால் ஆட்டிக் காட்டி, "யானை முட்டினாலும் அசையாது பாரு" என்றார். "அது சரி, இதை எப்படி மடக்கறது?" என்றேன். அவர் சட்டத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடத்தைவிட ஒரு சாண் சின்னது, வாசலைவிட நான்கு முழம் பெரியது. இரண்டு நாள் அந்தக் கூட்டுக்குள்தான் சாப்பிட்டோம், பட்டாணி கம்பியைப் பிடித்துக்கொண்டு குரங்கு மாதிரி தொங்கினாள், வந்த போஸ்ட்மேன் "வீட்டுக்குள்ள ஜெயில் கட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் அறுத்துப் பிரித்து போல்ட்டும் நட்டும் போட்டு மாற்றினார், ஒவ்வொரு மூட்டையும் அறுக்கும்போது சொந்தப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி முகம். இப்போது ஒரு சாக்குக்குள் அடங்குகிறது. கடை முற்றத்தில் போட்டுப் பார்த்தோம், பத்தொன்பது நிமிஷம். இன்னும் பழகிப் பத்தில் முடிக்க வேண்டும், அத்தை எதிரில் தடுமாறக் கூடாது.

இதற்கு நடுவில் போன வாரம் உன் அத்தை வீட்டு மாமா காரில் வந்தார். பாவம், அந்த மனிதருக்கு வீட்டில் ஓட்டுகிற உரிமை மட்டும்தான், திருப்புகிற உரிமை கிடையாது. டிக்கியைத் திறந்து எதை எடுத்தார் தெரியுமா? அதே இரண்டு பச்சை நாற்காலிகள். துணி இத்துக் கிழிந்துவிட்டதாம், கேம்ப்புக்கு முன்னால் என் கையால் புதுத் துணி மாற்றித் தர வேண்டுமாம், அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். உன் அப்பா பார்த்ததுமே எழுந்து பின்பக்கம் போய்விட்டார். எனக்குக் கையெல்லாம் நமநம என்றது. கடையில் ஈரம் பட்டு இத்துப்போன நூல் ஒரு உருண்டை கிடக்கிறது, அதில் தைத்தால் இரண்டு முறை உட்காரலாம், மூன்றாவது முறை இடுப்போடு தரை. ஊசியில் கோர்த்தும் விட்டேன். அப்புறம் உருவிப் போட்டேன். இரக்கம் என்று நினைக்காதே. விழுந்தால் எல்லோரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்காரப் போவதும் நான்தான். அவள் எனக்கு விழ வேண்டாம், நிற்க வேண்டும். நீ நின்ற மாதிரி. அதனால் மெழுகு நூலை இரட்டையாகப் போட்டு, நான் தைத்ததிலேயே அழகாகத் தைத்திருக்கிறேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு, உட்காருகிற சாமான் எதுவானாலும் மூன்று நாள் நம் ஆள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வெளியே கொடுப்போம், தையல் இழுத்துக் கொடுக்கிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? நேற்று அத்தை போனில் "நாற்காலி ஆச்சா?" என்றாள். "தைச்சாச்சுக்கா, இன்னும் உட்கார்ந்து பாக்கல, ஆள் வரணும்" என்றேன்.

அந்த ஆள் நீதான். இப்போது கவனமாகப் படி. பதினேழாம் நம்பர் பெரிய இடம், ஆறு பேர் இருந்தால்தான் தருவார்கள். நான், அப்பா, அண்ணன், மருமகள், பட்டாணி, நீ. வாசலில் தலையை எண்ணுவார்களாம், ஒரு தலை குறைந்தாலும் இடம் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருக்கிற வரிசையில் முதல் ஆள் யார் என்று மருமகள் விசாரித்துவிட்டாள். உன் அத்தை. ஆக நீ வராவிட்டால் என்ன ஆகும் என்று நீயே பார்த்துக்கொள், நம் ஐந்து பேரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் பின்னால் போக, அவள் மறுபடியும் நம் எதிரிலேயே மரத்தடியில் போய் உட்காருவாள். இரண்டாவது முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. போனில் தேதியைச் சொல்லி லீவு போடச் சொன்னதற்கு, "பாக்கலாம்மா, லீவு கிடைக்குமான்னு தெரியல" என்றாய். மூன்று வருஷமாக அதையேதான் சொல்கிறாய். மேலதிகாரியிடம் பல்லைக் காட்டிக் கெஞ்சாதே, நிமிர்ந்து கேள், தரமாட்டேன் என்றால் போனை என்னிடம் கொடு. அம்மா பழிவாங்கக் கூப்பிடுகிறாளா, பார்க்கக் கூப்பிடுகிறாளா என்று ஆராய்ச்சி செய்யாதே, எனக்கே சரியாகத் தெரியாது, இரண்டுக்கும் ஒரே டிக்கெட்தான்.

நடக்கப் போவதை நான் மனதுக்குள் பல முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முப்பத்தொன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் குழாய் கிடையாது. தண்ணீர் பிடிக்க அத்தை வாளியோடு நம் கூடாரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். வருவாள். ஆரஞ்சு தார்ப்பாயைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், அப்புறம் நாற்காலியைப் பார்ப்பாள். ஒரு நாற்காலியில் நீ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இன்னொன்றில் உன் பை இருக்க வேண்டும். நான் எழுந்து, சிரித்த முகமாக, "வாங்கக்கா, உட்காருங்கன்னு சொல்லத்தான் ஆசை, இடமில்லையேக்கா" என்பேன். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன், குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதற்கப்புறம் வேண்டுமானால் வாளியை நான் பிடித்துக் கொடுக்கிறேன், அதுவரைக்கும் யாரும் என்னைத் தடுக்கக் கூடாது.

கம்பளிச் சட்டை எடுத்து வா, ஏரிக்காற்று குளிரும். புதுச் செருப்பு வேண்டாம், கடிக்கும். அத்தை மகளிடம் இதைப் பற்றி மூச்சுக்கூட விடாதே. இந்த மாதக் கடைசிக்குள் ஆறு பேரையும் உறுதி செய்ய வேண்டும், "வர்றேன்" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பு, வேறு நலம் விசாரிக்காவிட்டாலும் கோபமில்லை. வண்டியில் முன் சீட் உனக்குத்தான் என்று அப்பா சொல்லிவிட்டார், வாந்தி வந்தால் வரட்டும், நம் வண்டி, நாம் கழுவிக்கொள்கிறோம். நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு, யார் முன்னாலும் இறங்கி நிற்காமல் இருக்க வேண்டும். பட்டாணியின் முத்தம் இரண்டு, பல் இல்லாத முத்தம். அப்புறம் பையை மறந்துவிடாதே, வேறு எது மறந்தாலும் பரவாயில்லை, நாற்காலியில் வைக்க அது வேண்டும்.

இப்படிக்கு,
ஆறாவது தலைக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா