மேற்படி காவேரி

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய அப்பாவுக்கு,

வளர்மதி எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது என்ன புதுசாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். கையில் ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது அப்பா. உங்களுக்குப் படித்துக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. தஞ்சாவூரில் அதே ரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான் வேலை செய்கிறேன். காலையில் ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் சனத்துக்கு ஊசி குத்துகிறேன். தம்பி செந்தில் பூதலூர் வீட்டில் மாடி எடுத்துவிட்டான். உங்கள் தங்கை தனம் அத்தைக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. இன்னொரு கண்ணுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள். "ஒரு கண்ணுலயே உங்க எல்லார் லட்சணமும் நல்லாத் தெரியுதுடி" என்று எனக்குப் பதில் வேறு.

மாடி எடுப்பதற்காக உங்கள் அலமாரியைக் காலி செய்தபோதுதான் ஃபைல்களைப் பார்த்தேன். மனுஷன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தாரா, ரெக்கார்டு கிளார்க்காக இருந்தாரா என்று செந்தில் தலையில் கைவைத்துக்கொண்டான். கேஸ் புத்தகம், பழைய ரயில்வே பாஸ், எனக்கு அம்மை குத்திய சீட்டு, எல்லாம் தனித்தனி பாலிதீன் கவரில் இருந்தன. அவற்றோடு தாத்தாவின் குடியிருப்பு மனைப் பட்டாவும் இருந்தது. பண்ணையாளாக இருந்தவர் குடியிருந்த இடம் அவருக்கே சொந்தம் என்று சர்க்கார் கொடுத்த காகிதம். அதில் 'கா. சாமிக்கண்ணு' என்று இருந்தது. அந்தக் 'கா'வைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அப்போ நீங்களும் தேடியிருக்கிறீர்கள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

கடைசி மாசங்களில் என் வீட்டில் படுத்திருந்தபோது, சுகர் பார்க்க உங்கள் விரலில் குத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டீர்கள். "வளரு, எல்லாத்தையும் என்கிட்ட சொல்லுவாரு எங்கப்பா. அவரோட தாய் தகப்பன் யாருங்கறத மட்டும் ஏன் மறைச்சாரு? என்மேல நம்பிக்கை இல்லையா?" நான் ஏதோ சமாதானம் சொன்னேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அந்தக் கேள்வியோடுதான் போனீர்கள் என்பது எனக்குப் பெரிய உறுத்தல். அதனால்தான் இறங்கினேன்.

உங்களுக்கு முதலில் பார்த்த பெண் வீட்டுக் கதையை அத்தை நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்து, காபியெல்லாம் குடித்துவிட்டு, "உங்க தாய் தகப்பன் யாரு, எந்த ஊரு?" என்று தாத்தாவைக் கேட்டார்களாம். தாத்தா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "காவேரிதாங்க எனக்கு ஆத்தா. தகப்பன் யாருன்னு தெரியாதுங்க" என்றாராம். வந்தவர்களில் ஒருவர், "நம்ம எல்லாருக்குந்தான் காவேரி ஆத்தா, விஷயத்துக்கு வாங்க" என்று சிரித்தாராம். மறுபடி கேட்டும் அதே பதில். அவர்கள் எழுந்து போனவர்கள் போனவர்கள்தான்.

அவர்கள் போனபின் நீங்களும் கேட்டு, அதே பதில் வந்ததும் கத்தினீர்களாமே. "ஆத்தா பேரக் கேட்டா ஆத்துப் பேரச் சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று. அந்த மாசமே மாற்றல் எழுதிக்கொடுத்து நாகப்பட்டினம் போய்விட்டீர்கள். பிறகு பேச்சு வார்த்தை திரும்பியது, அம்மாவைக் கட்டிக்கொண்டீர்கள், நாங்கள் பிறந்தோம். அந்தக் கேள்வியை மட்டும் நீங்களும் தாத்தாவும் அதன்பிறகு தொடவே இல்லை.

சரி, தேடிய கதைக்கு வருகிறேன். முதலில் பிறப்புப் பதிவேடு பார்க்கலாம் என்று போனேன். தாத்தா பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் பிறந்தவர் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர். ஆனால் பழைய பதிவேடுகளில் பிள்ளை பெயரே இருக்காதாம்.

"ஆண், பெண், அவ்வளவுதாம்மா போட்டுருப்பாங்க. பேரு அப்புறந்தானே வப்பாங்க? நீங்க தகப்பன் பேரு சொல்லுங்க, தேடிப் பாக்குறேன்."

"அந்தப் பேரத்தாங்க தேடி வந்துருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. பெற்றவர் பெயர் தெரிந்தால்தான் பிள்ளை கிடைக்கும், பிள்ளை கிடைத்தால்தான் பெற்றவர் பெயர் தெரியும். வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

செந்திலுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. "'கா'ன்னா காளிமுத்து, காத்தமுத்து, காசிநாதன், ஏதாவது ஒண்ண வச்சிக்கக்கா. யாரு வந்து வெரிஃபை பண்ணப்போறா?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சோதனைக் குழாயில் ஒருத்தர் பெயருக்குப் பதில் இன்னொருத்தர் பெயரை ஒட்டினால் என்ன ஆகும் தெரியுமாடா என்று ஒரு பிடி பிடித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நானும் ஆண் பெயராகத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இனிஷியல் என்றால் தகப்பன் பெயர்தானே என்று அடித்துச் சொல்வேன். அந்த வட்டத்தைப் போட்டபோது நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்?

அத்தைக்கு நான் தேடுவதே பிடிக்கவில்லை. "எதுக்குடி தோண்டுற? நல்ல சேதியா இருந்தா அவரே வாயத் தொறந்து சொல்லியிருக்க மாட்டாரா? ஏதாவது அசிங்கம் வெளிய வந்தா எங்கப்பா மானம் போயிரும்" என்றார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது அப்பா. பொய் சொல்லவில்லை. இரண்டு வாரம் ஃபைலை மூடிவைத்துவிட்டேன்.

அப்புறம் பட்டாவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு விசாரணை நம்பர் இருந்தது. விசாரணை என்றால் யாரோ வந்து தாத்தாவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் எழுதியிருக்க வேண்டும். எழுதியது எங்கேயாவது இருக்குமே! தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பதில் இல்லை. மேல்முறையீடு போட்டேன். போன மாசம் தபாலில் மூன்று தாள் ஜெராக்ஸ் வந்தது.

பழைய கையெழுத்து, பழைய எழுத்து. 'லை'க்கெல்லாம் தும்பிக்கை வைத்திருந்தார்கள். முதல் இரண்டு தாளும் மனையின் நாலு எல்லை. மூன்றாவது தாள் தாத்தாவின் வாக்குமூலம். பூதலூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து செந்தில் உரக்கப் படித்தான். "'மேற்கண்ட மனையில் என் தாயார் காலம் முதல் குடியிருந்து வருகிறேன். என் தாயார் காவேரி.' அடப்பாவி! கவர்மெண்ட்டு பேப்பர்லயும் தாத்தா அதே டயலாக்க விட்டுருக்காருக்கா!"

விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், உங்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன். சிரித்துக்கொண்டேதான் தாளை அவன் கையிலிருந்து வாங்கி அடுத்த வரியைப் படித்தேன்.

'தகப்பனார் பெயர் தெரியாது. மேற்படி காவேரி நாகப்பட்டணம் தாலூகா ......மங்கலம் கிராமத்திலிருந்து நடவு வேலைக்கு வந்தவர். நான் சுமார் ஏழு வயதுப் பிள்ளையாயிருக்கையில் மேற்படி காவேரி வாந்திபேதி கண்டு இறந்துபோனார். எனக்கு வேறு உறவினர் எவரும் இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரி.'

கீழே இடது கைப் பெருவிரல் ரேகை.

ஆறு எங்காவது நடவுக்கு வருமா அப்பா? ஆற்றுக்கு வாந்திபேதி வருமா? அந்த 'மேற்படி'யைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்திரம் எழுதுகிறவர்கள் சலிக்காமல் போடுகிற சொல். சொத்துக்கும் போடுவார்கள், சாட்சிக்கும் போடுவார்கள். இங்கே ஒரு மனுஷிக்குப் போட்டிருந்தார்கள். செந்தில் பட்டாவை எடுத்து, நீங்கள் வட்டம் போட்ட 'கா'வின்மேல் விரலை வைத்தான். "அக்கா, அது பேருக்கா" என்றான்.

நம் ஊர்ப் பக்கம் ஓடுவது வெண்ணாறு. நம் வயலில் பாய்வது அதன் தண்ணீர். ஆற்றைத்தான் தாய் என்று சொல்ல நினைத்திருந்தால் தாத்தா ஒரு தடவையாவது வெண்ணாறு என்று சொல்லியிருக்க மாட்டாரா? நமக்கு ஏன் இது தோன்றவில்லை? இந்தப் பக்கத்தில் யார் 'காவேரி என் தாய்' என்றாலும் நாம் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். மேடைக்கு மேடை கேட்டுப் பழகிய காது. ஒருத்தர் நிஜமாகவே தன் அம்மா பெயரைச் சொன்னபோது அந்தக் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "இன்னொரு தடவ படிடி" என்றார்கள். படித்தேன். கீரையை அப்படியே கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்கள்.

"அன்னிக்கு அண்ணன் கத்திட்டுப் போனதுக்கப்புறம் எங்கப்பா என்கிட்ட வந்தாருடி. 'ஏம்மா தனம், கேட்டான், சொன்னேன். எதுக்குக் கோவிச்சிக்கிட்டுப் போறான்?'னு கேட்டாரு. நான் பாவி, 'ஒழுங்கா பதில் சொல்லியிருக்கணும்ப்பா'ன்னேன். என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேர அவரு வாயால எடுக்கவே இல்ல."

அத்தை அழுதார்கள். நானும் அழுதேன். அப்புறம் அத்தையே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காவேரி கறுப்பா, செவப்பா? எழுதியிருக்கா பாரு" என்றார்கள். இல்லை அத்தை, அதெல்லாம் எழுத மாட்டார்கள் என்றேன். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து எனக்கும் அதே கேள்வி. கறுப்பா, சிவப்பா? தனியாக வந்தாளா, நடவு ஆட்களோடு கூட்டமாக வந்தாளா? வரும்போதே தாத்தா வயிற்றிலா, இடுப்பிலா? தகப்பன் பெயரை அவள் சொல்லவே இல்லையா, சொல்லி ஏழு வயதுப் பிள்ளை மறந்துவிட்டதா? நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்களில் அந்தத் தகப்பனும் ஒருவனா? ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் ஜெராக்ஸில் கறுப்பாகக் கறை விழுந்திருக்கிறது. 'மங்கலம்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. அந்தப் பக்கம் எத்தனை மங்கலம் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்திருக்கிறேன். செந்தில்கூட மேப்பும் கையுமாகத்தான் திரிகிறான்.

வேடிக்கையைப் பாருங்கள், கோபித்துக்கொண்டு நீங்கள் மாற்றல் வாங்கிப்போன ஊர் எது? அங்கே சந்தையிலோ ஸ்டேஷனிலோ காவேரியின் அண்ணன் மக்கள் உங்கள் எதிரில் நடந்து போயிருக்கலாம். அவர்களுக்கு நீங்களே ரயில்வே கேட்டைத் திறந்துவிட்டிருக்கலாம்.

உங்களைக் குற்றம் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை அப்பா. எனக்கும் காகிதத்தைப் பார்த்து முதலில் சிரிப்புதானே வந்தது? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் உங்களிடம் மறைக்கவில்லை. உங்களை நம்பாமல் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், அவர் சொன்னார். அந்த உறுத்தலை இனிமேல் நீங்கள் சுமக்க வேண்டாம். இதை நேரில் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

அறுவடை முடிந்ததும் அத்தையைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போகிறேன். ஒவ்வொரு மங்கலமாக இறங்கிக் கேட்கப்போகிறேன். இது நான் உங்களுக்குச் செய்து தரும் சத்தியம். 'காவேரி' என்றால் அங்கேயும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "ஆறு இல்லீங்க, எங்க தாத்தாவோட அம்மா" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவேன். இந்த விளக்கத்தைச் சேர்க்கத் தாத்தாவுக்குத் தோன்றவில்லை. பெற்றவள் பெயரைச் சொல்லும்போது, அவள் ஒரு மனுஷி என்று தனியாகச் சொல்ல வேண்டும் என யாருக்குத்தான் தோன்றும்?

இப்படிக்கு,
காவேரியின் மகன் சாமிக்கண்ணுவின் பேத்தி,
உங்கள் மூத்த மகள்
வளர்மதி