வாழை நான்கு துண்டு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், இந்த முறை அதற்கு டாக்டரின் கையெழுத்தே சாட்சி, அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் கொழுப்பு இறங்கலேன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும்மா என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து வீட்டுச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு நடக்கிறேன். உன் அப்பா போன பிறகும் இந்த நான்காம் மாடியை ஒரு ஒட்டடை இல்லாமல் ஆள்கிறவள் நான், என்னைப் பார்சல் கட்ட விடுவேனா. அதனால் மருமகள் குறிப்பு எழுதி அனுப்பிய அந்த மத்தியதரைக் கடல் பக்கத்து மீன் சாலட்டைச் செய்வது என்று முடிவெடுத்தேன். குறிப்பில் உப்பு தேவைக்கேற்ப என்று இருந்தது, யாருடைய தேவைக்கு என்று இல்லை, அரைத் தேக்கரண்டி என்று திருத்திக்கொண்டேன். சாமான்களை என் கைப்படச் சீட்டில் எழுதி, கூடையில் போட்டு, வழக்கம்போல் கயிற்றில் கீழ்க்கடைக்கு இறக்கினேன். வெள்ளரிக்காய், தக்காளி, குடைமிளகாய், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் எல்லாம் ஒழுங்காக மேலே வந்தன. மீன் மட்டும் இல்லை. அதற்குப் பதில் காகிதத்தில் சுற்றி ஒரு வாழைப்பழம், தோலோடு நான்கு துண்டாக வெட்டி.

வந்த கோபத்தில் நான்கு மாடியும் நானே இறங்கிப் போய், மீன் கேட்டால் பழத்தை அனுப்புகிறீர்களே, சீட்டைப் படித்தீர்களா என்று கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சீட்டை நீட்டினார். வாளை என்று மீனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், என் முத்து முத்தான எழுத்தில், வாழை நான்கு துண்டு. எனக்கும் விசித்திரமாத்தாம்மா இருந்துச்சு, ஆனா நீங்க எழுதினதைக் கேள்வி கேட்டு யாரு திட்டு வாங்கறது, அதான் வெட்டியே அனுப்பிட்டேன் என்றார். பக்கத்தில் நின்ற தையல்காரம்மா, அக்கா, பழத்துல முள்ளெல்லாம் எடுத்துட்டாரான்னு பார்த்துக்குங்க என்று ஒரு போடு போட்டாள். கடையே சிரித்தது. மன்னிப்புக் கேட்டேன், பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

கான்வென்ட்டில் சிஸ்டர் என் நோட்டைத்தான் வகுப்பு முழுக்கக் காட்டுவார். பள்ளிக்கூடத்தைப் பல்லிக்கூடம் என்று எழுதியதற்கு உன்னை நூறு முறை எழுத வைத்தவளும் நான்தான். அம்மாவுக்கு எழுத்தே தடுமாறுகிறது, பெட்டியைக் கட்டு என்பாய், தெரியும். ஆனால் உன் பிழைகளை மட்டும் வட்டமிட்டுவிட்டு என்னுடையதை மடித்து வைக்க மனம் வரவில்லை.

கையோடு வாங்கி வந்த வாளை மீனை எலுமிச்சை பிழிந்த வெந்நீரில் எட்டு நிமிடம் வேகவைத்து, ஆறிய பிறகு அப்பாவின் தபால்தலை இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன், கோபித்துக்கொள்ள அவர் இல்லை, கழுவித் துடைத்து அவர் ஆல்பத்தின் மேலேயே வைத்துவிட்டேன். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலிலேயே போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுவிடும், இதை மருமகளுக்குச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே. நன்றாகவே இருந்தது, இப்போது வாரம் மூன்று நாள் அதுதான். கூடைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நானே இறங்கிப் போகிறேன். என் தலை தெரிந்ததுமே கடைக்காரர், அம்மா, இன்னிக்கு நீந்துறதா, தொங்குறதா என்று கேட்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் பரிசோதனைக் காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறதாம். சாலட்டா, மாடிப்படியா என்று கேட்டேன், ரெண்டையும் விட்டுடாதீங்க என்றார். நகல் இத்துடன் இருக்கிறது, ஆகவே சாவி என் இடுப்பிலேயே இருக்கும்.

பல் டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாளுங்கள். கடிதத்தில் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டமிடு. தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டுவந்து காட்டு.

என்றும் ஆசிகளுடன்,
உன் அம்மா