வளைந்த ஜன்னல் கம்பி

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு அரியலூரிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் எங்களுக்குத் தெரியவேண்டியது. தினமும் போனில் இருக்கிற மனுஷன் இதென்ன புதுசாகக் கடிதம் என்று பார்க்காதே. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், மெசேஜ் போட்டால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். இது அவளுக்கு இப்போதைக்குத் தெரியக்கூடாத விஷயம், அதனால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி.

இங்கே ஆடிக் காற்று அடிக்கிறது. சிமெண்டு லாரி கிளப்புகிற புழுதியும் சேர்ந்துகொள்ள, கேமரா லென்சை நாளுக்கு நாலு தரம் துடைக்கிறேன். உன் அத்தை மகன் தமிழரசனுக்கு ஆவணியில் திருமழபாடி கோயிலில் கல்யாணம். படம் எடுக்கத் திருச்சியிலிருந்து ஆள் வருகிறதாம், ட்ரோன் எல்லாம் பறக்குமாம். சொந்தத் தாய்மாமன் ஸ்டூடியோக்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருக்கட்டும். நீ வருவாய் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, மூக்கு நேராகாம ஊர்ப்பக்கம் வரமாட்டேன்னு நீ சொன்னதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மாசியில் மூக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த நாளிலிருந்து காலையில் ஜன்னலோரம் நின்று நீ அனுப்புகிற படத்தை ஒன்றுவிடாமல் தேதி போட்டு வைத்திருக்கிறேன். முதல் மாதம் முகம் முழுக்க வீக்கம், கண்ணுக்குக் கீழே ஊதா நிறம். பார்த்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன் பாப்பா. அப்புறம் வலது பக்கம் வற்றியது, இடது பக்கம் அப்படியே நின்றது, நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சமமா இருக்காப்பா என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே கேட்பாய். சரியாகுதும்மா, நேத்திக்கு இன்னிக்கித் தேவலாம்னு நான் எழுதுவேன். அத்தனையும் பொய். முப்பது வருஷமாக ஊரார் முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவனுக்கு ஒரு நூல் கோணினாலும் தெரியும். மூன்றாம் மாதப் படத்தையும் போன மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. உன் டாக்டர் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்கிறார், அதற்கப்புறமும் கோணல் இருந்தால் திரும்ப ஒருமுறை செய்து பார்க்கலாம் என்கிறார். அவர் படித்தவர், அவர் சொல்வது பலித்தால் நல்லது. எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது, அதை மறைத்து எழுதவும் இனிமேல் தெம்பு இல்லை.

அம்மா அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிச் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடுகிறாள். காணிக்கை போடுவதற்குப் பெரம்பலூர் கடைவீதியில் வெள்ளித் தகட்டில் மூக்கு கேட்டிருக்கிறாள். கண்ணு இருக்கு, கை இருக்கு, காலு இருக்கு, மூக்கு மட்டும் தனியா வர்றதில்லீங்கம்மான்னு கடைக்காரர் சொல்ல, முழு முகமாகவே ஒன்று வாங்கி வந்து பூஜை மாடத்தில் வைத்திருந்தாள். நேரானதும் கொண்டுபோய்ப் போடுவதாக வேண்டுதல்.

போன புதன்கிழமை நீ அனுப்பிய படத்தில் மூக்கு நேராக இருந்தது. முகத்தைக் கொஞ்சம் திருப்பி நின்றிருந்தாய். அம்மா போனை மாடத்தில் வைத்து விழுந்து கும்பிட்டாள், அத்தையை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாள், வெள்ளிக்கிழமை தகட்டை உண்டியலில் போட்டுவிட்டுப் பொங்கலும் கையுமாக வந்தாள். நானும் ஒரு நிமிஷம் நம்பினேன், பைத்தியக்காரன். அப்புறம் கடைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். உன் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பி ஒன்று உள்பக்கமாக வளைந்திருந்தது. அதற்கு மேலேயும் நேர், கீழேயும் நேர், அந்த இடத்தில் மட்டும் வளைவு. படத்தில் மூக்கைப் போனிலேயே பிடித்து இழுத்துச் சரிசெய்திருக்கிறாய், பக்கத்துக் கம்பியும் சேர்ந்து இழுபட்டிருக்கிறது. உன்மேல் கோபமில்லை சித்ரா, நீ யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் முன்னால் ஜாதகத்தோடு கொடுக்க உன்னை நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்தேன். உன் மூக்கு என் மூக்கு, நடுவில் கொஞ்சம் புடைப்பாக இருக்கும். எல்லாப் பெண்ணுக்கும் செய்வதுதானே என்று மவுசைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். திரையின் மடிப்பு வளைந்தது, அதையும் ஒருத்தருக்கும் தெரியாமல் நிமிர்த்தினேன். வேலை சுத்தமாக வந்ததில் பெருமை வேறு. பெரம்பலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, மாப்பிள்ளையின் அக்கா போனையும் உன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போட்டோல வேற மாதிரி இருக்கீங்களேன்னு கேட்டாள். நீ காபித் தட்டோடு நின்றாய். நான் வாயைத் திறந்து, நான்தாங்க கை வச்சேன், எம்பொண்ணு முகம் இதுதாங்கன்னு சொல்லியிருக்க வேண்டும். லைட்டிங் அப்படிங்கன்னு சொன்னேன். அவர்கள் போனபிறகு நீ அந்தப் படத்தை உன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாய். அதைத்தான் டாக்டரிடம் நீட்டி, இப்படி வேணும்னு கேட்டதாக நீ சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்கில் அந்த முதல் படத்தைத் தேடினேன். உனக்கு அனுப்பி, இதுதான் நீ என்று சொல்ல நினைத்தேன். கிடைக்கவில்லை. திருத்தியதை அதே பேரில் சேமித்திருக்கிறேன், முதல் படம் அழிந்துவிட்டது. அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது எடுத்தது, அதற்கப்புறம் நீ என் கேமரா முன்னால் உட்காரவே இல்லை. அந்த மூக்கு இப்போது உன் முகத்திலும் இல்லை, என் கம்ப்யூட்டரிலும் இல்லை.

இப்போது அம்மா புதன்கிழமைப் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போடச் சொல்லி நச்சரிக்கிறாள், தரகருக்குக் கொடுக்க வேண்டுமாம். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று மூன்று நாளாக ஓட்டுகிறேன். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கதை ஓடும். இன்னொரு வீட்டார் வந்து போனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க நான் விடமாட்டேன். அவளிடம் நானே சொல்லிவிடுவேன், உன்னைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. தகட்டைத் திருப்பி எடுக்க முடியாதே என்றுதான் அவள் முதலில் அழுவாள்.

கல்யாணத்துக்கு வா என்று வற்புறுத்த எனக்கு முகமில்லை. வந்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நேராகிவிடும் என்று இனி எழுதமாட்டேன், ஆகாமலே போகலாம். நீயும் சமமா இருக்கா என்று என்னிடம் கேட்காதே. ஆனால் எங்களிடம்கூட முகத்தைத் திருத்திக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோணலோ வீக்கமோ, உன்னைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும்.

குலதெய்வம் உனக்குத் துணை நிற்கட்டும், நல்ல தூக்கம் வரட்டும். தலைக்கு உயரமாக வைத்துப் படு, மூக்கில் கை வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் ஜன்னலோரம் நின்று ஒரு படம் எடுத்து அப்படியே அனுப்பு. கம்பி நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன் மூக்கில் முதலில் கை வைத்த அப்பா,
குருமூர்த்தி