திறந்தால் காலி

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நலம்தான்.

கிடங்குக்காக நானே கற்று எழுதிய சாஃப்ட்வேரை முதலாளியிடம் காட்டினேன். அதற்கு முந்தின நாள் உன் பெயரையும் பாப்பா பெயரையும் போட்டுச் சோதித்தபோது, சேமித்துவிட்டேன் என்றுதான் சொன்னது. அவர் முன்னால் திறந்தால் ஒரு பெயரும் இல்லை.

"உனக்கெதுக்குப்பா இதெல்லாம்? போய் மூட்டையத் தூக்கு" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அந்தப் பாழாய்ப்போனது காலி டேட்டாபேஸ் ஒன்றைப் பழையதன் மேல் நகலெடுத்து, இருந்ததை அழித்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. சரிசெய்துவிட்டேன். மறுபடி பார்க்க அவர் தயாராக இல்லை. இனி மூட்டைதான்.

என் பழைய சட்டைகளில் இரண்டை அனுப்பு, தூக்கும்போது போட்டுக்கொள்ள ஆகும். லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பாப்பாவுக்குத் தினமும் என் போட்டோவைக் காட்டு. போன முறை வீடியோவில் "இந்த மாமா யாரும்மா?" என்று அவள் உன்னிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா