டேப்போடு படப்பிடிப்புக்குப் போன அப்பா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் படி ஏறும்போது கூடவே முனகிக்கொண்டு வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா, அங்கே குளிர் விட்டதா, காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்? உன் அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு நாளாகச் செய்யக்கூடாத குற்றத்தைச் செய்துவிட்ட மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தார். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அது அப்படி இல்லை இப்படி என்று வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் எழுதுகிறேன்.

அரசாங்கத் திரைப்பட வாரியத்தில் அவருக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன் இல்லையா. வாரியம் நல்ல கதைகளைப் பார்த்துப் படமெடுக்க மானியம் கொடுக்கிறது, பாதிப் பணம் முதலில், மீதி படப்பிடிப்பு முடிந்ததும். அதற்கு முன்னால் ஒருவர் போய், ஒத்துக்கொண்ட கதையைத்தான் எடுக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு டீயைக் குடித்துவிட்டு நாலு பேரிடம் சிரித்துவிட்டு வருகிற வேலை. ஆனால் அனுப்பியது யாரை? ஆயுசு பூராவும் நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்து, எந்த வீட்டு பால்கனி வரைபடத்தைவிட அரை அடி கூட வந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்தவரை. இவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கிற மாதிரியே கதையை வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பழைய டேப்பையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எதை அளக்கப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் உட்காரவைத்து விளக்குவார்.

படமெடுக்கிறவள் உன் வயசுப் பெண், இது அவளுக்கு முதல் படம். மகள் தூர தேசத்துக்குப் போய்விட, இங்கே தனியாக இருக்கிற ஓர் அப்பாவின் கதை. அதில் நீளமான மேஜை என்று எழுதியிருக்கிறாள், இவர் டேப்பை விரித்து, நாலடி மேஜையை நீளம்னு எப்படிம்மா ஒத்துக்கறது என்று கேட்டிருக்கிறார். பலத்த மழை என்ற இடத்தில் குழாயில் தண்ணீர் அடித்தார்களாம், இவர் குடையை மடக்கிவிட்டு அதன் நடுவில் போய் நின்று, இது தூறல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு அந்தப் பெண் தண்ணீர் லாரியையே கொண்டுவந்து நிறுத்த, மனுஷன் அதிலும் நின்று சோதித்துவிட்டுத் தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். பூனை குறுக்கே ஓடுகிறது என்று எழுதியிருந்ததாம், பூனை நடந்ததாம், ஓடும்வரை எல்லாரும் காத்திருந்தார்களாம். இதற்கெல்லாம் மேலே, கதையில் சொல்லாத ஜன்னல் ஒன்று சுவரில் இருக்கிறது, அனுமதி இல்லாத ஜன்னல், அதை அடைங்க என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். அது வாடகை வீடு, வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

ஒரு நாள் அந்தப் பெண் நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். சமையலறையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, அம்மா, சார் கையெழுத்துப் போடலைன்னா மிச்சப் பணம் வராது, படம் அப்படியே நின்னுபோயிடும், நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா என்று கண் கலங்கினாள். அந்தப் பிள்ளையை ஏன் இப்படிப் பாடாப் படுத்தறீங்க என்று அன்றைக்கே கேட்டேன். நான் எங்கே படுத்தறேன், அவ எழுதினதை அவளையே எடுக்கச் சொல்றேன் என்றார். இந்த மனுஷனிடம் பேசி ஜெயிக்க முடியுமா சொல்.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தது. பார்த்தால், அப்பா வேஷம் போட்ட நடிகருக்குக் கடைவாய்ப் பல் வலி, கன்னம் பந்து மாதிரி வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. முதுகு மட்டும் தெரிகிற காட்சி என்பதால் அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். அதே உயரம், அதே வழுக்கை, வசனம் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம், வேறு யார், உன் அப்பாதான். காட்சி எடுக்காமல் விட்டால் கதை குறைபட்டுப்போகும் என்று இவரும் ஒத்துக்கொண்டார். வீட்டில் சீப்பைப் போன் மாதிரிக் காதில் வைத்துக்கொண்டு ஒத்திகை வேறு. நானும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

போனை எடுத்து மகளிடம், நான் நல்லா இருக்கேன், நீ உன் வேலையைப் பாரு என்று சொல்லி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வசனம். நான் நல்லா இருக்கேன் என்றார். அடுத்த வரியைச் சொல்லாமல் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். மறந்துவிட்டாரோ என்று எனக்குப் படபடப்பு. பிறகு மெதுவாக, எனக்கு இங்க பொழுதே போகலம்மா, நீ எப்ப வருவே, ஒரு தடவை வந்துட்டுப் போயேன் என்றார். பாப்பா, அது காட்சிக்காக வைத்த, ஒயர்கூட இல்லாத வெறும் போன். உன்னிடம் பேசும்போது சாப்பிட்டாயா, மழையா வெயிலா என்பதைத் தாண்டாத மனுஷன். அந்தப் பெண் கட் சொல்லவே மறந்துபோனாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினதும் மறுபடி ஆபீசர் ஆகிவிட்டார். நடிகர் கதையில இல்லாததைப் பேசிட்டாரு, திரும்ப எடுங்க என்றார். அந்தப் பெண், முடியாது சார், நீங்க கையெழுத்துப் போடலைன்னாலும் சரி, இதுதான் படத்தில் இருக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதற்குத்தான் இரண்டு நாள் அந்த மூலை. இன்று காலையில் எழுந்து குளித்து, வாரியத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு, சரியா இருக்கா பாரு என்று என்னிடம் நீட்டினார். "கதையில் இல்லாத ஒரு வசனம் கட்டப்பட்டுள்ளது. இடிக்கத் தேவையில்லை" என்று எழுதியிருந்தார்.

அவர் உன்னிடம் வாய் திறந்து கேட்கமாட்டார், அதனால் நான் கேட்கிறேன். எப்போது வருகிறாய்? தேதி சொல்வதானால் யோசித்துச் சொல், சொன்னபின் ஒரு நாள் தள்ளிப்போனாலும் உன் அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். காதை மூட மறக்காதே.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா